பழைய போனை வைத்துக்கொள்வதா, மாற்றுவதா? கடைக்குப் போகும் முன் பார்க்க வேண்டியவை

மூன்று, நான்கு வருடம் ஓடிய போன் ஒருநாள் ஹேங் ஆக ஆரம்பிக்கும். சாயங்காலத்துக்குள் சார்ஜ் இறங்கிவிடும். விற்பனைக் கடையில் கேட்டால் புதுசு வாங்கச் சொல்வார்கள். சர்வீஸ் கடையில் கேட்டால் பேட்டரி மாற்றச் சொல்வார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை, அவரவர் விற்பதைச் சொல்கிறார்கள். முதலில் என் போனுக்கும் அப்புறம் அம்மாவின் போனுக்கும் இந்த முடிவை எடுக்க அலைந்தபோது, எதை முதலில் பார்ப்பது, எதைக் கடைசியில் பார்ப்பது என்று சொல்ல ஆள் கிடைக்கவில்லை. அந்த வரிசைதான் கீழே இருக்கிறது. வரிசை மாறினால் பணம் வீண். பேட்டரிக்கு 2,000 ரூபாய் கொடுத்த மறுமாதம் வங்கி ஆப் அந்தப் போனில் ஓடாமல் போனால் யாரைக் கேட்பது?

1. முதலில் அப்டேட் தேதியைப் பாருங்கள்

ஆண்ட்ராய்டு போனில் செட்டிங்ஸ், அபவுட் போன், ஆண்ட்ராய்டு வெர்ஷன் என்று உள்ளே போனால் செக்யூரிட்டி அப்டேட் என்று ஒரு தேதி இருக்கும். பெயர்கள் கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். அந்தத் தேதி கடந்த சில மாதங்களுக்குள் இருந்தால் கவலை இல்லை. ஒரு வருடத்துக்கு மேல் பழையதாக இருந்து, அப்டேட் தேடினாலும் ‘உங்கள் போன் புதுப்பித்த நிலையில் உள்ளது’ என்றே வந்தால், கம்பெனி அந்த மாடலைக் கைவிட்டுவிட்டது என்று அர்த்தம். போன் அதை நேராகச் சொல்லாது.

இங்கே பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. ‘நான்கு வருட அப்டேட்’ என்று கம்பெனி சொல்வது அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து. நீங்கள் வாங்கிய நாளிலிருந்து இல்லை. 2022-இல் வந்த மாடலைத் தள்ளுபடியில் 2024-இல் வாங்கியிருந்தால், உங்களுக்குக் கிடைத்தது பாதிதான்.

கம்பெனிகளுக்குள் வித்தியாசம் பெரிது. கூகுள் பிக்சல் 8, சாம்சங் கேலக்ஸி எஸ்24 ஆகியவற்றிலிருந்து அந்த வரிசைகளுக்கு ஏழு வருட அப்டேட் அறிவிக்கப்பட்டிருக்கிறது. சாம்சங்கின் ஏ16 5ஜி போன்ற விலை குறைந்த மாடலுக்கே ஆறு வருடம். வேறு பல பட்ஜெட் போன்களுக்கு இதில் பாதிகூடக் கிடையாது. ஐபோனில் 2025-இல் வந்த ஐஓஎஸ் 26, ஐபோன் 11-க்கும் அதற்குப் பின் வந்தவற்றுக்கும்தான். 2018-இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் இரண்டுக்கும் அது வரவில்லை.

கம்பெனி கைவிட்ட மறுநாளே போன் நின்றுவிடாது. ஆப்கள்தான் ஒவ்வொன்றாக விலகும். வாட்ஸ்அப் 2025 ஜனவரியிலிருந்து ஆண்ட்ராய்டு 5-க்குக் கீழும், அதே வருடம் மே மாதத்திலிருந்து ஐஓஎஸ் 15.1-க்குக் கீழும் ஓடுவதில்லை. குரோம் பிரவுசரின் 139-ஆம் பதிப்பிலிருந்து ஆண்ட்ராய்டு 10 வேண்டும். வங்கி ஆப்கள் இவர்களுக்கெல்லாம் முன்னால் கதவைச் சாத்தும். நீங்கள் தினமும் பயன்படுத்தும் வங்கி ஆப்பை பிளே ஸ்டோரில் தேடிப் பாருங்கள். ‘இந்தச் சாதனத்துக்குப் பொருந்தாது’ என்ற மாதிரி வந்தால் முடிவு ஏறக்குறைய எடுக்கப்பட்டுவிட்டது.

ஒரு எச்சரிக்கை. ஏற்கெனவே போட்டிருக்கும் ஆப் பழைய போனில் ஓடிக்கொண்டிருக்கும், ஆனால் புதிதாகப் போட விடாது. இது தெரியாமல் ‘வேகமாகட்டும்’ என்று போனை ஃபேக்டரி ரீசெட் செய்தால், அதாவது உள்ளே இருப்பதையெல்லாம் அழித்துப் புதுசு போல ஆக்கினால், ஓடிக்கொண்டிருந்த ஆப்பும் போய்விடும். ரீசெட்டுக்கு முன்னால் முக்கியமான ஒவ்வொரு ஆப்பையும் பிளே ஸ்டோரில் தேடி, இன்னும் கிடைக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

என் கருத்து இதுதான்: செக்யூரிட்டி அப்டேட் நின்று ஒரு வருடம் தாண்டிய போனில் யுபிஐ வைத்திருக்கக் கூடாது. அந்தப் போன் பாட்டு கேட்கட்டும், மேப் காட்டட்டும், குழந்தைக்குக் கார்ட்டூன் போடட்டும். பணம் வேறு போனில் இருக்கட்டும்.

2. மெதுவாக இருப்பதற்குக் காரணம் ஸ்டோரேஜா என்று பாருங்கள்

அப்டேட் இன்னும் வருகிறது, ஆனால் போன் நத்தையாகிவிட்டது என்றால் செட்டிங்ஸில் ஸ்டோரேஜைத் திறங்கள். பத்தில் ஒரு பங்குகூடக் காலி இல்லை என்றால், எந்தப் போனும் திணறத்தான் செய்யும். அம்மாவின் போனில் பிரச்சினையே இதுதான். குடும்பக் குழுக்களில் வந்த காலை வணக்கப் படங்கள், வெள்ளிக்கிழமை அம்மன், செவ்வாய்க்கிழமை முருகன், ஒரே நாட்டு மருத்துவ வீடியோ ஐந்து பேர் அனுப்பியது.

வாட்ஸ்அப் செட்டிங்ஸில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா, அதில் மேனேஜ் ஸ்டோரேஜ். பெரிய ஃபைல்கள் மேலே வரிசையாக வரும், தேர்ந்தெடுத்து அழித்துவிடலாம். ஆட்டோ டவுன்லோடை நிறுத்துங்கள். போட்டோக்களை கம்ப்யூட்டரிலோ பென்டிரைவிலோ எடுத்துவைத்த பிறகு போனிலிருந்து நீக்குங்கள். அதன்பின் ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்து, ஒரு வாரம் பயன்படுத்திப் பாருங்கள். செலவு இல்லை.

3. பேட்டரி: அளந்துவிட்டு மாற்றுங்கள்

ஐபோனில் செட்டிங்ஸ், பேட்டரி, பேட்டரி ஹெல்த் என்ற இடத்தில் சதவீதம் தெரியும். 80-க்குக் கீழே போயிருந்தால் மாற்றும் நேரம். ஐபோன் 14 வரையான பேட்டரிகள் 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகும், 15-இலிருந்து வந்தவை 1,000 சுற்றுக்குப் பிறகும் 80 சதவீதத் திறன் இருக்கும்படி வடிவமைக்கப்பட்டவை என்று ஆப்பிள் சொல்கிறது. சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் என்ற ஆப்பில் பேட்டரி நிலையைச் சோதிக்கலாம். மற்ற பல ஆண்ட்ராய்டு போன்களில் இப்படி நேராகக் காட்டாது. அங்கே அறிகுறியை நம்புங்கள்: 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் திடீரென்று அணைவது, கேமரா திறந்ததும் பத்து சதவீதம் சரிவது.

பின்பக்க மூடி லேசாக உப்பினாலோ டிஸ்பிளே ஓரமாகத் தூக்கினாலோ பேட்டரி வீங்கியிருக்கிறது. சார்ஜ் போடுவதை உடனே நிறுத்துங்கள். அமுக்கிப் பார்க்காதீர்கள், குத்தாதீர்கள். சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோய்க் காட்டும்வரை ஆஃப் செய்து வையுங்கள்.

சார்ஜ் மெதுவாக ஏறுகிறது என்பது மட்டும்தான் பிரச்சினை என்றால், முதலில் வேறு கேபிள் போட்டுப் பாருங்கள். அப்புறம் டார்ச் அடித்துச் சார்ஜ் துளையைப் பாருங்கள். சட்டைப் பையின் பஞ்சு அடைத்திருக்கும். போனை ஆஃப் செய்துவிட்டு, மரப் பல்குச்சியால் மெதுவாக எடுத்தால் சரியாகிவிடும்.

பேட்டரி மாற்ற, நடுத்தர ஆண்ட்ராய்டு போன்களுக்குப் பெரும்பாலும் 1,000 முதல் 2,500 ரூபாய்க்குள் ஆகும். ஐபோனுக்கு அதைவிட நிறைய. கம்பெனியின் சர்வீஸ் சென்டருக்கு நேரில் போகும் முன் போன் செய்து நான்கு கேள்விகள் கேளுங்கள்: என் மாடலுக்கு பேட்டரி இருப்பில் இருக்கிறதா, மொத்தம் எவ்வளவு, எத்தனை நாள், டேட்டா அழியுமா? இருப்பு இல்லாமலேயே போனை வாங்கி வைத்துக்கொண்டு, ‘பார்ட் வரணும் சார்’ என்று வாரக்கணக்கில் இழுத்த ஒரு சென்டரில் மாட்டிய பிறகுதான் இந்தக் கேள்விகளையே எழுதிவைத்தேன்.

வெளிக் கடை வேண்டும் என்றால், சென்னையில் ரிச்சி ஸ்ட்ரீட் போல எல்லா ஊரிலும் ஒரு தெரு இருக்கும். விலை குறையும், ஒரு மணி நேரத்தில் வேலை முடியும். ஆனால் அங்கே ‘ஒரிஜினல்’ என்ற சொல்லுக்குப் பல தரம் உண்டு. வாயால் சொல்வதை விடுங்கள், எத்தனை மாத வாரன்டி என்று பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அடுத்த கடை. தண்ணீர் புகாத போன் என்று வாங்கியிருந்தாலும், ஒருமுறை திறந்த பிறகு அதை நம்ப வேண்டாம்.

எங்கே கொடுத்தாலும் சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிடுங்கள். போனைத் திறக்கும் பின் நம்பர் கேட்பார்கள், கொடுக்காதீர்கள். சாம்சங்கில் மெயின்டனன்ஸ் மோடு, பிக்சலில் ரிப்பேர் மோடு என்று ஒன்று இருக்கிறது. அதைப் போட்டுக் கொடுத்தால், உங்கள் போட்டோவும் மெசேஜும் தெரியாமலே அவர்கள் போனைச் சோதிக்க முடியும்.

4. பழுதுச் செலவை மாதக் கணக்கில் வகுத்துப் பாருங்கள்

‘இவ்வளவு ரூபாய் கொடுத்துச் சரி செய்வதற்குப் புதுசே வாங்கிவிடலாமே’ என்று எல்லாரும் சொல்வார்கள். சில சமயம் சரி, சில சமயம் தப்பு. பழுதுச் செலவை, அப்டேட் இன்னும் எத்தனை மாதம் வரும் என்பதால் வகுங்கள். புதுப் போனின் விலையை, அதை எத்தனை மாதம் வைத்திருப்பீர்கள் என்பதால் வகுங்கள்.

பேட்டரிக்கு 2,000 ரூபாய், இன்னும் 18 மாதம் அப்டேட் வரும் என்றால் மாதம் சுமார் 111 ரூபாய். 18,000 ரூபாய் போனை நான்கு வருடம் வைத்திருந்தால் மாதம் 375. பேட்டரியை மாற்றுங்கள், யோசிக்க வேண்டியதில்லை. அதே போனில் டிஸ்பிளே உடைந்து 7,000 ரூபாய் கேட்டு, அப்டேட் 12 மாதம்தான் மிச்சம் என்றால் மாதம் 583 ஆகிவிடுகிறது. அங்கே புதுசுதான் மலிவு. போர்டு (உள்ளே இருக்கும் முக்கிய சர்க்யூட் பலகை) போய்விட்டது என்றால் நான் கணக்கே போட மாட்டேன். போர்டைச் சரிசெய்தாலும் எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் உறுதி தருவதில்லை.

அமோலெட் டிஸ்பிளேயில் ஒருநாள் திடீரென்று பச்சைக் கோடு விழுவது நம் ஊரில் பலருக்கும் நடந்திருக்கிறது. இதற்குப் பணம் கட்டும் முன், உங்கள் மாடலுக்கு இலவச டிஸ்பிளே மாற்றும் திட்டம் இருக்கிறதா என்று கம்பெனியிடம் கேளுங்கள். சில கம்பெனிகள் குறிப்பிட்ட மாடல்களுக்கு வாரன்டி முடிந்த பிறகும் மாற்றிக் கொடுத்திருக்கின்றன. கேட்காதவர்களிடம் தானாகச் சொல்ல மாட்டார்கள். சர்வீஸ் சென்டர் தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில் கையில் இருக்க வேண்டும்.

5. 5ஜிக்காக மட்டும் மாற்றாதீர்கள்

இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபரில் வந்தது. வீடியோ பார்க்க, பேச, பணம் அனுப்ப 4ஜி தாராளம். பழைய 5ஜி போனை செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்கள் என்றால் மட்டும் ஒரு விஷயம்: ஜியோவின் 5ஜி, 4ஜியின் துணை இல்லாமல் தனித்து இயங்கும் வகை, எஸ்ஏ என்பார்கள். ஆரம்பகால 5ஜி போன்கள் சிலவற்றில் அது இல்லை. உங்கள் சிம்மைப் போட்டுப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

6. புதுசு என்று முடிவானால்: எப்போது, எப்படி வாங்குவது

ஆடித் தள்ளுபடி, சுதந்திர தின விற்பனை, அப்புறம் நவராத்திரியிலிருந்து தீபாவளி வரை. இவைதான் விலை இறங்கும் காலங்கள். ஐபோன் என்றால், செப்டம்பரில் புது மாடல் வந்ததும் பழைய மாடல் விலை இறங்கும். கையில் இருப்பது ஓடுகிறது என்றால் காத்திருக்கலாம். ஆனால் காத்திருந்தால் எப்போதும் குறையும் என்று எண்ண வேண்டாம். 2025-இன் கடைசியிலிருந்து மெமரி சிப் விலை ஏறி, போன் விலையையும் ஏற்றிக்கொண்டிருக்கிறது.

‘நோ காஸ்ட் இஎம்ஐ’ பலகையைப் பார்த்து மயங்காதீர்கள். வட்டியைத் தள்ளுபடியாகக் கழித்துக் காட்டுவார்கள். ஆனால் அந்த வட்டித் தொகை மீது 18 சதவீத ஜிஎஸ்டியும், பிராசசிங் கட்டணமும், அந்தக் கட்டணத்தின் மீது தனி ஜிஎஸ்டியும் கார்டு பில்லில் வந்து உட்காரும். ரொக்கமாகக் கொடுத்தால் கிடைக்கும் தள்ளுபடியும் சில சமயம் இதில் போய்விடும். ஒரே கேள்வி போதும்: ‘மொத்தப் பணத்தையும் இப்போதே கொடுத்தால் எவ்வளவு?’ இரண்டு தொகையையும் எழுதி வைத்துக் கழித்துப் பாருங்கள்.

மாடல் தேர்வில் நான் பார்ப்பது: அப்டேட் எந்த வருடம் வரை, ராம் குறைந்தது 6, முடிந்தால் 8 ஜிபி, ஸ்டோரேஜ் 128 ஜிபி, உங்கள் ஊரில் அந்தக் கம்பெனிக்கு சர்வீஸ் சென்டர் இருக்கிறதா. கேமரா மெகாபிக்சல் எண்ணிக்கையை விட்டுவிடலாம்.

பில்லில் உங்கள் பெயரும், ஒவ்வொரு போனுக்கும் தனியாக இருக்கும் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணும் இருக்க வேண்டும். போனில் *#06# அடித்தால் வரும் எண், பெட்டியில் இருப்பது, பில்லில் இருப்பது மூன்றும் ஒன்றா என்று கடையிலேயே பாருங்கள். செகண்ட் ஹேண்ட் என்றால் இன்னும் ஒரு படி. ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு 15 இலக்க ஐஎம்இஐ எண். இதை 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்தப் போனின் நிலை வரும். தடை செய்யப்பட்டது, இரட்டைப் பதிவு என்று ஏதாவது வந்தால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள். விற்பவர் தன் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை உங்கள் கண் முன்னே நீக்க வேண்டும். ‘வீட்டுக்குப் போய் நீக்கிவிடுகிறேன்’ என்றால் வேண்டாம்.

7. எக்ஸ்சேஞ்சில் இருக்கும் சிக்கல்

ஆன்லைனில் காட்டும் எக்ஸ்சேஞ்ச் விலை கடைசி விலை இல்லை. வாசலில் வந்து பார்ப்பவர் ஒரு கீறலைக் காட்டிக் குறைப்பார், அல்லது எடுக்கவே மாட்டேன் என்பார். அதைவிடப் பெரிய சிக்கல் நேரம். புதுப் போனைக் கையில் கொடுக்கும்போதே, ரீசெட் செய்த பழைய போனைக் கேட்பார்கள். வாட்ஸ்அப், யுபிஐ, போட்டோ எதையும் இன்னும் மாற்றியிருக்க மாட்டீர்கள். எக்ஸ்சேஞ்ச் போட்டால் முந்தைய நாளே எல்லாவற்றையும் பேக்கப் எடுத்து வையுங்கள். கிடைப்பது இரண்டாயிரம், மூவாயிரம்தான் என்றால் எக்ஸ்சேஞ்சே வேண்டாம், சில வாரம் இரண்டு போனும் கையில் இருப்பது அதைவிட நிம்மதி.

8. மாற்றும் நாள்: நாளையும் வரிசையையும் பார்த்துச் செய்யுங்கள்

மாதத் தொடக்கம், ஸ்கூல் ஃபீஸ் கட்டும் நாள், ஊருக்குக் கிளம்பும் நாள் இவற்றைத் தவிர்த்துவிடுங்கள். புதுப் போனில் யுபிஐ பதிந்த முதல் 24 மணி நேரத்துக்குப் பொதுவாக 5,000 ரூபாய் வரைதான் அனுப்ப முடியும். ஐபோனில் இந்தக் கட்டுப்பாடு 72 மணி நேரம் வரை நீளலாம். கையில் கொஞ்சம் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய சிம் புதுப் போனில் பொருந்தினால் அதையே போடுங்கள். அன்றைக்கே சிம்மையும் மாற்றினால், அல்லது இசிம் (போனுக்குள்ளேயே பதியும் டிஜிட்டல் சிம்) ஆக்கினால், 24 மணி நேரத்துக்கு எஸ்எம்எஸ் போகாது, வராது. எஸ்எம்எஸ் இல்லாமல் ஓடிபி இல்லை, யுபிஐ பதிவும் இல்லை. சிம் மாற்றிய பிறகு ஏழு நாளைக்கு வேறு கம்பெனிக்கு நம்பரை மாற்றவும் முடியாது. சிம்மை மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஆதாரோடு கடைக்குப் போய் அதை முதலில் முடித்துவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போனை மாற்றுங்கள்.

வாட்ஸ்அப்பை ஆண்ட்ராய்டிலிருந்து ஆண்ட்ராய்டுக்கு என்றால் செட்டிங்ஸ், சாட்ஸ், டிரான்ஸ்ஃபர் சாட்ஸ் என்று போய் க்யூஆர் கோடு மூலம் நேராக மாற்றலாம். கூகுள் டிரைவ் பேக்கப் இப்போது உங்கள் இலவச 15 ஜிபிக்குள் கணக்காகிறது. ஜிமெயிலும் போட்டோவும் அதை நிரப்பியிருந்தால் பேக்கப் பல மாதமாக நடக்காமலே இருந்திருக்கும். கடைசி பேக்கப் தேதியைப் பார்த்துவிட்டு நம்புங்கள். ஆண்ட்ராய்டிலிருந்து ஐபோனுக்கு மாறுகிறவர்கள், ஐபோனை முதன்முதலில் ஆன் செய்து அமைக்கும்போதே ‘மூவ் டு ஐஓஎஸ்’ ஆப் மூலம் வாட்ஸ்அப்பையும் கொண்டுவந்துவிட வேண்டும். ஐபோனைப் பயன்படுத்த ஆரம்பித்த பிறகு என்றால், அதை மறுபடி ரீசெட் செய்யச் சொல்லும்.

அடுத்து யுபிஐ. டெபிட் கார்டு கையில் வேண்டும். யுபிஐ பின் நம்பர் மறந்துபோய்ப் புதிதாக வைக்க நேர்ந்தால் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும் கேட்கும். பெரியவர்கள் வீட்டில் இங்கேதான் நிற்கும்: கார்டு பீரோவில் எங்கோ இருக்கும், தேதியும் முடிந்திருக்கும். முன்னாடியே தேடி எடுத்து வையுங்கள். ஆதார் ஓடிபி வழியும் இருக்கிறது, ஆனால் ஆதாரிலும் வங்கியிலும் ஒரே நம்பர் இருக்க வேண்டும். பதிவின்போது போன் தானாக ஓர் எஸ்எம்எஸ் அனுப்பும். ரீசார்ஜ் முடிந்துபோன சிம்மில் அது போகாது. இரண்டு சிம் போடுகிறவர்கள் வங்கியில் கொடுத்த நம்பரைத்தான் தேர்ந்தெடுக்கிறோமா என்று பாருங்கள்.

லாகின் செய்யும்போது கேட்கும் கோடு தரும் கூகுள் ஆதென்டிகேட்டர் ஆப் வைத்திருப்பவர்கள், பழைய போன் உயிரோடு இருக்கும்போதே அதிலிருந்து எக்ஸ்போர்ட் செய்து விடுங்கள். டிஜிலாக்கரில் புதுப் போனிலிருந்து ஒருமுறை உள்ளே போய்ப் பாருங்கள்.

9. பழைய போனைக் கைவிடும் முன்

புதுப் போனில் ஒரு வாரமாவது எல்லாம் ஓடிய பிறகு பழையதைத் தொடுங்கள். முதலில் யுபிஐ ஆப்களிலிருந்து வெளியேறுங்கள். பிறகு செட்டிங்ஸில் கூகுள் கணக்கை நீக்குங்கள், ஐபோன் என்றால் தொலைந்த போனைத் தேடும் ‘ஃபைண்ட் மை’ வசதியை அணைத்து ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியே வாருங்கள். அதன்பிறகுதான் ரீசெட். இந்த வரிசை மாறினால், வாங்கியவர் ஆன் செய்ததும் உங்கள் பாஸ்வேர்டைக் கேட்கும், அவர் உங்களுக்கு போன் செய்வார். மெமரி கார்டு உள்ளே இருக்கிறதா என்று கடைசியாக ஒருமுறை பாருங்கள்.

விற்காத, ஓடாத போனைக் குப்பைத் தொட்டியில் போடக் கூடாது. பேட்டரி குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும். மின்கழிவு விதிகள் 2022-இன்படி மறுசுழற்சிக்கான பொறுப்பு தயாரிப்புக் கம்பெனிகளுக்கு உண்டு. சர்வீஸ் சென்டரில் கேட்டால் வழி சொல்வார்கள்.

புதுப் போனின் பில்லையும் ஐஎம்இஐ எண்ணையும் படம் எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். போன் தொலைந்தால் மத்திய அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் அதை முடக்க, காவல் நிலையப் புகார் நகலோடு இந்த இரண்டையும் கேட்பார்கள். படம் தொலைந்த போனுக்குள் மட்டும் இருந்து பயனில்லை.